ரத்தம் எடுக்க நாலு பக்கப் படிவம், அழவைக்க?

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போயிருந்தேன். சர்க்கரைக்கு எடுக்கும் ரத்தத்தில் மிச்சம் இருந்தால் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு நாலு பக்கப் படிவம் நீட்டினார்கள். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் உட்கார்ந்து வரி வரியாக விளக்கினார். "முடியாதுன்னா வைத்தியம் பார்க்க மாட்டீங்களா தங்கச்சி?" என்று அம்மா கேட்டார். "அதெல்லாம் இல்லை ஆன்ட்டி, உங்க இஷ்டம்தான்." அப்புறம்தான் கையெழுத்து.

அதே அம்மா இப்போது ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாலில் போனை வைத்துக்கொண்டு அழுகிறார். ஜோகூர் பெரியம்மா தவறிய வாரம், யாரோ ஒருவர் தன் அக்காவை வழியனுப்பும் வீடியோ ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். விரலால் தள்ளத் தள்ள சவப்பெட்டி, ஆஸ்பத்திரிக் கட்டில், சோகப் புல்லாங்குழல், இன்னொரு சவப்பெட்டி. நானே போனை வாங்கி, அதை ஏமாற்றுகிறேன் பேர்வழி என்று சமையல் வீடியோவாகத் தேடித் தேடிப் பார்த்தேன். ரெண்டு நாள் மீன் குழம்பு வந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் மாலை போட்ட போட்டோ.

எந்த வீடியோவைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பது வெறும் மெஷின், வேண்டுமென்று யாரும் செய்வதில்லை என்பார்கள். சரி, ஃபேஸ்புக் வேண்டுமென்றே செய்ததே? 2012 ஜனவரியில் ஒரு வாரம், 689,003 பேரின் பக்கத்தில் கை வைத்தார்கள். சிலருக்கு நண்பர்கள் எழுதிய சந்தோஷமான பதிவுகளையும் வேறு சிலருக்குச் சோகமான பதிவுகளையும் குறைத்துவிட்டு, அதற்கப்புறம் இவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று சொல் சொல்லாக எண்ணினார்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை. 2014 ஜூனில் ஆய்வுக் கட்டுரையாக வந்து சர்ச்சையான பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. கணக்குத் தொடங்கும்போதே விதிமுறைக்குச் சம்மதித்தீர்களே என்பதுதான் அவர்கள் சாக்கு. அந்த விதிமுறையில் 'ஆராய்ச்சி' என்ற சொல்லே சோதனை முடிந்து நாலு மாதம் கழித்துத்தான் ஏறியது! ஆய்வில் கூட இருந்த அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமோ, சோதனை நடத்தியது கம்பெனி, எங்கள் நெறிமுறைக் குழு பார்க்க வேண்டியதில்லை என்று கையைக் கழுவிவிட்டது.

பாதிப்பு ரொம்பச் சின்னது என்று சமாதானம் வேறு. சராசரி சின்னதுதான் ஐயா. ஆனால் பயனாளர் எண்ணை வைத்துக் குலுக்கல் மாதிரி பிரித்தீர்களே, அந்த வாரம் வீட்டில் சாவு விழுந்தவர் யார், ஏற்கெனவே உடைந்துபோய் இருந்தவர் யார் என்று பார்த்தா பிரித்தீர்கள்? உன் தளத்தில் பொத்தான் நீலமா பச்சையா என்று சோதித்துக்கொள், எனக்கென்ன வந்தது. என் மனசு உன் பொத்தானா?

ரத்தத்துக்கும் திசுவுக்கும் சிங்கப்பூரில் 2015-லேயே தனிச் சட்டம் போட்டாகிவிட்டது. மனசைக் குப்பியில் பிடிக்க முடியாது, அதனால் கணக்கில் வராது போல.

நேற்று ராத்திரியும் ஹாலில் வெளிச்சம். "இதையெல்லாம் ஏம்மா தேடித் தேடிப் பார்க்கிறீங்க?" என்று கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டுவிட்டேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார்.

"நான் எங்கே தேடினேன்? அதுவா வருதுய்யா."