உடம்பு வணங்காத பசங்களாம்!

காலையில் ஒரு டீயை நிம்மதியாகக் குடிக்க முடிகிறதா? திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் இதே பாட்டுதான். "இப்ப உள்ள பசங்களுக்கு உடம்பு வணங்கலப்பா. நடவுக்கு ஆள் இல்ல, களைக்கு ஆள் இல்ல. எல்லாம் போனும் கையுமா திரியுது." சொல்கிறவர் இரண்டு வேலி, அதாவது பதிமூன்று ஏக்கர் சொச்சம், நிலத்துக்காரர். கடைசியாக எப்போது சேற்றில் இறங்கினார் என்று அவருக்கே நினைவிருக்காது.

நேற்று மாட்டியது என் அக்கா மகன். வரப்பு வெட்டக் கூப்பிட்டாராம். பையன் மூன்றே கேள்வி கேட்டிருக்கிறான். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு விடுவீங்க, காசு அன்னைக்கே ஜிபேயில் போட்டுடுவீங்களா? பெரியவருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இவன் தாத்தா எங்க வாசல்ல வந்து நின்ன ஆளு. இவன் வண்டியில உட்காந்துக்கிட்டே கணக்குப் பேசுறான்!"

கோபம் எங்கே இருக்கிறது பாருங்கள். அந்த வண்டி சீட்டில் இருக்கிறது.

அவர் சொன்ன தாத்தா என் அப்பாதான். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் நின்றதை நானும் பார்த்திருக்கிறேன். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-லேயே வந்தாயிற்று. வாசலில் நிற்பது மட்டும் போகவில்லை. கூலி பேசுவது இந்த மண்ணில் லேசில் வந்த பழக்கமா? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அவர்கள் தெரு கூலியில் கூடக் கொஞ்சம் நெல் கேட்டிருந்தது. செத்தவர்களில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதே பழைய தஞ்சை மாவட்டத்துக்காரன் பேரன் இன்று மணிக்கணக்கு கேட்டால் திமிராம்.

அறுவடை சமயத்தில் இவரைப் பார்க்க வேண்டும். பெல்ட் போட்ட அறுவடை மெஷின்காரன் மணிக்கு இவ்வளவு என்றால் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுப்பார். மழை வந்து நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்ற பயம். அந்த மெஷினிடம் காட்டாத வீராப்பையெல்லாம் பையனிடம் நூறு ரூபாய்க்குக் காட்டுவார். விவசாயம் கட்டுப்படியாகவில்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்த நஷ்டத்தை ஏன் கூலிக்காரன் தலையில் இறக்க வேண்டும்?

நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மொத்தமாகப் பேசி, பேசியதைக் கொடுக்கத் தெரிகிறது. உள்ளூர்ப் பையன் என்றால் மட்டும் "பார்த்துப் போட்டுத் தரேன்".

எனக்கும் இந்தப் பசங்களோடு எரிச்சல் உண்டு. என் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க மாட்டான். திருப்பூரில் நல்ல வேலையை, சூப்பர்வைசர் மரியாதையாகப் பேசவில்லை என்று ஒரே நாளில் விட்டுவிட்டு வந்தான். நானாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். கடித்துத்தான் இருந்தேன், பதினெட்டு வருடம். என்ன மிச்சம்? முதுகுவலி.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், பெரியவரின் மகன் கனடாவில் இருக்கிறான். "வாரத்துக்கு அஞ்சு நாள்தான் வேலை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஆபீஸ்ல ஒருத்தன் கூப்பிட முடியாது" என்று இதே பெஞ்சில் உட்கார்ந்து பெருமை அடித்தவர் இவர்தான்.

இன்று காலை பையனுக்கு மறுபடி போன் வந்தது. "எட்டு மணிக்கு வரேன், ஒரு மணிக்குக் கிளம்பிடுவேன்" என்றான். யோசித்துச் சொல்கிறாராம். வரப்பு உடைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.