செப்டிக் டேங்க் என்று நாம் அழைக்கும் குழி

சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூருக்குக் கிழக்கே, நூறு வீடுகள்கூட இல்லாத ஒரு சிற்றூரில் என் சித்தி வாழ்க்கைப்பட்டிருக்கிறார். ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் திருவொற்றியூரிலிருந்து போயிருந்தேன். கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்கவே இல்லை. சித்தப்பா கடப்பாரையால் மூடியை நெம்பிக் காட்டினார். விளிம்புக்கு ஒரு சாண் கீழே கறுப்பாகத் தண்ணீர் நின்றது. அது கழிவுநீரா, ஊறி வந்த நிலத்தடி நீரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பதினைந்தடி தள்ளி அவர்கள் பாத்திரம் கழுவும் கைப்பம்பு.

அவ்வூரில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவது, நான்கைந்து சிமெண்ட் உறைகளை இறக்கி, அடியைப் பூசாமல் விட்ட குழிதான். முறையான தொட்டிக்கு அடித்தளமும் சுவரும் கசியாமல் இருக்க வேண்டும். கசடு அடியில் தங்கி, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களால் மெல்ல மட்கி, தெளிந்த நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போக வேண்டும். அப்படிக் கட்டினாலும் வெளிவரும் நீரில் நோய்க்கிருமிகள் மிஞ்சியே இருக்கும். அதை வடிகட்ட வேண்டியது அந்த நீர் இறங்கும் உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள காய்ந்த மண். மழைக்காலத்தில் இரண்டடியில் நீர் ஊறும் கடலோர மணலில் காய்ந்த மண்ணுக்கு எங்கே போவது?

இதை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னைக்காகவும் பாசனத்துக்காகவும் பல்லாண்டுகள் அளவுமீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவிட்டது. மழையால் மணலின் மேல்மட்டத்தில் தேங்கும் நன்னீரே மிச்சம். அதிலேயே நம் குழிகள் கலக்கின்றன.

வடசென்னையின் கொடுங்கையூரில் கழிவுநீரை நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை சவ்வூடு வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இருக்கிறது. அதன் சின்ன நகலைக் கிராமத்தில் வைத்தால், மோட்டார் பழுதான அன்றோ மின்கட்டணம் பாக்கியான அன்றோ அது பூட்டிக் கிடக்கும். (திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கும்.) அவ்வூருக்கு ஏற்றது, வீட்டுத் தொட்டிகளிலிருந்து தெளிநீரைச் சிறு குழாய்களில் கொண்டுவந்து, குறுக்குச் சுவர்கள் வைத்த தடுப்பறைகளைக் கடத்தி, கல்வாழையும் சம்பங்கோரையும் நட்ட ஜல்லிப் படுகையில் வடியவிடும் முறை. தரை தட்டையாக இருப்பதால் நீரை ஏற்ற ஒரு சின்ன மோட்டார் தேவைப்படலாம். சுத்திகரிப்புக்கு மின்சாரம் வேண்டாம். வெளிவரும் நீர் தென்னைக்குப் போகும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை தொட்டிக் கசடை லாரியில் அள்ளியாக வேண்டும். இப்போது வரும் லாரி இரவில் எந்த ஓடையோரம் கவிழ்க்கிறது என்பது ஊரறிந்த விஷயம். அதைச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிய ரசீதைக் காட்டினால்தான் ஊராட்சி பணம் தர வேண்டும்.

ஜனவரி 26 கிராம சபைக்கு சித்தப்பா கொடுக்கவிருக்கும் மனுவை நான்தான் எழுதித் தருகிறேன். முதல் கோரிக்கை, நான்கு கிரவுண்டு புறம்போக்கு நிலம். இரண்டாவது, ஜல்லியைக் கழுவவும் செடியை வெட்டவும் ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம். கட்டுமானச் செலவை மூன்றாவதாகத்தான் எழுதியிருக்கிறேன்.