அந்தத் தாயின் துக்கத்துக்கு அர்த்தம் சொல்ல நாம் யார்?

சனிக்கிழமை அடக்க ஆராதனையில் என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். நேரில் இருந்தீர்கள், அல்லது நேரலையில் பார்த்தீர்கள். அதனால் முழுவதும் எழுதப்போவதில்லை. பெட்டியை இன்னும் மூடவில்லை. தாயான அந்தச் சகோதரி, இறந்த பிள்ளையின் பாதத்தைப் பிடித்தபடி இருந்தார். அப்போது மைக்கில், "அழாதீங்க சகோதரி, கர்த்தர் உங்களைப் புடமிடுறார், இதன் மூலமா உங்களுக்கு ஒரு பெரிய ஊழியம் வெச்சிருக்கார்" என்றார் போதகர். பின்னாலிருந்து சிலர் ஆமென் சொன்னார்கள். போதகர் பேசியதைவிட அந்த ஆமென்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாடுகளுக்கு அர்த்தம் உண்டு என்று நானும் விசுவாசிக்கிறேன். சிலுவையை நம்புகிறவன் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அர்த்தத்தைச் சொல்ல வேண்டியவர் பாடுபடுகிறவர். அவர் சொல்லட்டும், அவருக்குத் தோன்றுகிற நாளில் சொல்லட்டும். சொல்லாமலே போனாலும் போகட்டும். பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்த வேலை கொடுக்கப்படவில்லை.

வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் ஒரேயடியாக இழந்த யோபுவின் சிநேகிதர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் வந்து ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. அவர்கள் பேசியதில் தேவதூஷணம் எதுவும் கிடையாது. எல்லாம் பக்தியான பேச்சு, கர்த்தருக்கு வக்காலத்து. "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு வெறுத்துப்போய்ச் சொல்கிறார். கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்கு யார்மேல் கோபம் மூண்டது? தான் பிறந்த நாளையே சபித்த யோபுமேல் அல்ல. தமக்காக வாதாடிய அந்த மூன்று பேர்மேல். நம் மேடைகளில் இந்த அதிகாரத்தை எடுத்தால் யோபுவுக்கு எல்லாம் இரண்டத்தனையாய்த் திரும்பக் கிடைத்ததைப் பற்றித்தான் பேசுகிறோம். இந்தக் கோபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், இதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் ஜெபிக்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, வேதாகம உறையின் ஜிப்பைத் திறந்து மூடியபடியே, "அறிக்கை செய்யாத ஏதாவது இருக்காம்மா, யோசிச்சுப் பாருங்க" என்றார். அம்மாவால் அப்போது தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாது. அவர் போனபிறகு அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார், அன்றிரவு சாப்பிடவில்லை. இன்னொரு அக்கா வருவார். பெரிய ஜெபமெல்லாம் கிடையாது. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அம்மாவின் முதுகைத் துடைத்து, பவுடர் போட்டுவிட்டு, "வரேன் அத்தை" என்று கிளம்பிவிடுவார்.

ரொம்ப நாள் கழித்து ஒரு ராத்திரி அம்மா தானாகவே சொன்னார்: "கெத்செமனேயில அவரும் தனியாத்தான்டா இருந்தார். கூட இருந்தவங்கல்லாம் தூங்கிட்டாங்க." சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த தோட்டத்தைத்தான் சொன்னார். அவ்வளவுதான். அது அம்மா கண்டடைந்த அர்த்தம். அதை வேறு யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் வெறும் பிரசங்கமாகத்தான் இருந்திருக்கும்.

சரி, இதைப் பற்றி உள்பெட்டிக்கு வந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

"நாயீன் ஊர் விதவையிடம் இயேசுவே அழாதே என்று சொன்னாரே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொன்னார். சொன்ன கையோடு பாடையைத் தொட்டு, மகனை எழுப்பி, தாயிடம் ஒப்படைத்தார். அதைச் செய்ய முடிகிறவர் அழாதே என்று சொல்லட்டும். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே கல்லறைக்குப் போனவர், லாசருவின் சகோதரி மரியாளிடம் அழாதே என்று சொல்லவில்லை. அவரே கண்ணீர் விட்டார்.

மகள்கள் நால்வரையும் கப்பல் விபத்தில் பறிகொடுத்த அமெரிக்கர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட் "It Is Well with My Soul" என்ற பாட்டை எழுதவில்லையா என்று இன்னொருவர். எழுதினார். விபத்து நடந்தது 1873இல். அந்தப் பாட்டை எழுதியது இழந்தவரே, யாரும் அவர் கையில் எழுதிக் கொடுக்கவில்லை. அதோடு கதை முடியவும் இல்லை. 1880இல் அவருடைய சின்ன மகனும் காய்ச்சலில் இறந்தான். இந்தக் குடும்பம் என்ன பாவம் செய்ததோ என்று சபையாரே பேசியதைப் விபத்துக்குப் பிறகு பிறந்த அவருடைய மகள் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1881இல் அவர்கள் அமெரிக்காவை விட்டு எருசலேமுக்கே போய்விட்டார்கள். பாட்டை எல்லா அடக்க ஆராதனையிலும் பாடுகிறோம். பாடியவரைப் பேச்சாலேயே குத்தியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

"போதகர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்." எலிப்பாசும் நல்ல எண்ணத்தில்தான் வந்தார்.

அப்புறம் ரோமர் 8:28. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது." என் விசுவாசத்தில் இந்த வசனத்துக்குப் பெரிய இடம் உண்டு, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் இரண்டு வசனம் முன்னால் போய்ப் படியுங்கள். என்ன வேண்டிக்கொள்வதென்றே தெரியாமல் நாம் நிற்கும்போது, ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்றிருக்கிறது. ஆவியானவரே பெருமூச்சு விடுகிற இடத்தில் நமக்கு மைக் எதற்கு?

சொல்லச் சொல்லக் கோபம் கூடுகிறது, தெரிகிறது. சாட்சி நேரத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. சுகம் கிடைத்தவர் மேடைக்கு வருகிறார், சந்தோஷம். சுகம் கிடைக்காதவர்? கல்லறையிலிருந்து வீட்டுக்குப் போனவர்? அவருக்கு நம்மிடம் ஒரு நேரமும் இல்லை. கண்ணீரைத் துடைத்து, பாடம் கற்றுக்கொண்டு வந்தால்தான் மைக் கிடைக்கும். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு ஸ்தோத்திரம் இல்லை. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார் தேவன். நாம் அப்படி ஒரு ஜெபத்தை ஆராதனையில் ஒருவரை ஏறெடுக்க விடுவோமா? இப்படித்தான் எத்தனையோ பேர் சத்தம் போடாமல் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைப் பின்வாங்கிப்போனவர்கள் என்று சொல்லிவிட்டோம்.

இந்தப் பதிவை நீக்கச் சொல்லிக் காலையிலிருந்து அழைக்கிறார்கள். சபையின் பெயர் கெடுகிறதாம். நான் எந்தப் பெயரையும் இங்கே எழுதவில்லை. நீக்கவும் மாட்டேன். எனக்கு அழைக்கிறவர்கள் போதகரை அழைத்து, அந்தச் சகோதரியின் வீட்டுக்கு ஒருமுறை போகச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வசனம் எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.