249 கிராமுக்கு இத்தனை பாடா?

என் ட்ரோனின் எடை 249 கிராம். கால் கிலோ இலவம்பாடி கத்திரிக்காய் வாங்கினால் அதைவிட ஒரு கிராம் கூடுதலாக வரும். ஆனால் கத்திரிக்காயை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை.

2021 ட்ரோன் விதிகளைப் படித்தபோது மனம் குளிர்ந்துதான் போனது. 250 கிராம் வரை நானோ வகை, பைலட் உரிமம் வேண்டாம். பச்சை மண்டலத்தில், அதாவது தடையில்லாத வான்பகுதியில், 400 அடி வரை முன் அனுமதியும் வேண்டாம். சரி, வேலூரில் எங்கே பறக்கவிடுவது?

கோட்டையா? மூச்சு விடாதே, தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கு. அப்துல்லாபுரம் பக்கமா? "விமான நிலையம் இருக்குதே" என்கிறார் ஒருவர். அங்கே ஒரு பயணிகள் விமானம் இறங்கி நான் பார்த்ததே இல்லை! பாலாற்றங்கரைக்குப் போனால், "மணல் அள்ளுறதையா படம் பிடிக்கிற?" என்று ஒருவர் முறைக்கிறார். நான் பிடிக்க வந்தது கொக்கு, அண்ணா.

முறைப்படி கேட்டுவிடலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்து இன்னொன்று. அங்கே ஆதார் நகல். நான் கொண்டுபோன விதிகளின் அச்சுப்பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் டெல்லிக்குத்தான் தம்பி" என்றார்கள். வேலூர் எப்போது தனி நாடானது?

இதில் கொடுமை, கல்யாண மண்டபங்களில் என்னுடையதைப்போல நாலு மடங்கு பெரிய ட்ரோன் மாப்பிள்ளையின் தலைப்பாகையை உரசிக்கொண்டு பூத் தூவுகிறது. தாத்தா பாட்டியெல்லாம் குனிந்து சாப்பிடுகிறார்கள். அதை யார் கேட்டார்கள்?

என் ட்ரோனோ பெட்டிக்குள். வேலூர் வெயிலில் பேட்டரியும் உப்பிவிட்டது.