ஓராண்டுப் பச்சை போதாது
ஓராண்டு முழுவதும் பச்சையாகத் தெரியும் இடங்களைச் செய்மதிப் படத்தில் பிரித்தெடுத்தால் நிரந்தரப் புல்வெளிகளின் வரைபடம் கிடைத்துவிடும் என்கிறது இங்கே வந்த கட்டுரை. திருகோணமலையில் இது தலைகீழாகப் போகும். வெருகல், மூதூர்ப் பக்கம் மகாவலி ஆற்று வெள்ளம் ஏறும், வில்லு எனப்படும் தாழ்நிலங்களைப் பாருங்கள்: மார்கழியில் தண்ணீர், அது வடிந்ததும் குளம்பு புதையும் சேற்றில் முழங்கால் உயரப் புல், வெயில் முற்றினால் மேட்டுப் பகுதி காய்ந்த பழுப்பு. பரம்பரை மேய்ச்சல் தரையான அது உங்கள் கணக்கில் விழாது. மாறாக, பெரும்போக அறுவடைக்குப் பின் தரிசாகக் கிடக்கும் வயலில் சிறு மழை பெய்தாலே தாளும் களையும் துளிர்க்கும். 10 மீற்றர் துல்லியமுள்ள சென்டினல்-2 செய்மதிப் படத்திலும் அது புல்வெளி போலத்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியமே ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் பயிர்ச் சுழற்சிக்குள் வராத நிலத்தைத்தான் நிரந்தரப் புல்வெளி என்கிறது. ஓராண்டுப் படத்தில் அதை எப்படிக் காண்பது? மேலே கருத்திட்ட ஒருவர், மேகம் மறைத்தால் ரேடார் இருக்கிறதே என்று எழுதியிருக்கிறார். உண்மைதான், ஆனால் ஒரு நாள் ரேடார் படம் தண்ணீர் நிற்பதைக் காட்டும். அடியில் இருப்பது வயலா புல்லா என்பதை அதைக் கொண்டு சொல்வது கடினம். உழவுதான் நல்ல தடயம். வயல் ஒவ்வொரு போகத்துக்கும் ஒருமுறை வெறும் மண்ணாகும், வில்லு ஆகாது. பல ஆண்டுப் படங்களை அடுக்கி அந்த வெறும் மண்ணைத் தேடுங்கள். சந்தேகமான இடத்துக்குப் அங்கே மாடு மேய்க்கும் பட்டிக்காரர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.