ஊசி போட்ட நாய்க்கும் உண்ணிக் காய்ச்சல் வரும்
"ஊசியெல்லாம் கரெக்டா போட்ட நாய்க்குட்டி ஒரு நாள் சாப்பிடலைன்னா பயப்படாம வெயிட் பண்ணுங்க"ன்னு இந்த நாய் வளர்ப்புக் கட்டுரையில போட்டிருக்கறது பெங்களூருக்குச் சரிப்படாதுங்க, இங்க வருஷம் பூரா உண்ணித் தொல்லை, உண்ணிக் காய்ச்சலுக்கு நாம வழக்கமா போடற ஊசி எதுவும் காப்பாத்தாது. எங்க அல்சூர் வீட்டு நாய்க்கு ஒரு வயசு கூட ஆகல, முந்தின நாள் சாயங்காலம் லிஃப்ட் வரைக்கும் என்னை இழுத்துட்டு ஓடினது மறுநாள் காலைல தயிர்சாதத்தை மோந்து பாத்துட்டு திரும்பிப் படுத்துடுச்சு, உதட்டைத் தூக்கிப் பாத்தா ஈறு வெளுத்துப் போயிருக்கு, உடம்புல ஒரு உண்ணியும் எங்க கண்ணுல படல, டாக்டர்தான் கால்விரல் இடுக்குல இருந்து எடுத்துக் காட்டினாரு. பிளேட்லெட் 2 லட்சமாவது இருக்கணுமாம், எங்க நாய்க்கு அதுல பாதி கூட இல்ல. எர்லிக்கியான்னு ரிசல்ட் வந்துச்சு, அதாவது உண்ணி பரப்பற கிருமி, அதுக்கு டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக் மாத்திரை 28 நாள், அதை வெறும் வயித்துல குடுத்தா வாந்திதான். மேல கமெண்ட்ல ஒருத்தர் காய்ச்சலுக்கு அரை பாராசிட்டமால் குடுங்கன்னு எழுதியிருக்காரு, தயவுசெஞ்சு வேணாம், நாய்க்கு அது ஈரலையும் ரத்தத்தையும் கெடுத்துடும், அதுவுமில்லாம நாய்க்கு 101, 102 டிகிரி நார்மல், தொட்டா சுடுதுன்னு காய்ச்சல்னு முடிவு பண்றதே தப்பு.