முகுந்தின் சாதி உங்களுக்கு எதற்கு?

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேஜர் முகுந்த் வரதராஜன் சீருடையில் நிற்கிற படம், மேலே கொட்டை எழுத்தில் ஒரு சாதிப் பெயர், கீழே ‘நம்ம வீட்டுப் பிள்ளை’. என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள். 2024 தீபாவளிக்கு அவர் வாழ்க்கையைச் சொல்லும் ‘அமரன்’ சினிமா வந்தபோது அவர் என்ன சாதி என்று கூகுளில் தேடினார்கள். சரி, பார்த்த சூட்டில் தேடுகிறார்கள், அடங்கிவிடும் என்று விட்டேன். அடங்கவில்லை.

பிள்ளையை இந்தியனாக, தமிழனாகக் காட்டினால் போதும், வேறு அடையாளம் வேண்டாம் என்றுதான் பெற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இயக்குநர் மேடையிலேயே இதைச் சொன்னார். பெற்றவர்களே வேண்டாம் என்ற பிறகு ஒட்டவைக்க நீங்கள் யார்?

அவர் வாழ்ந்ததையாவது பாருங்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பழகிய கேரளக் கிறிஸ்தவப் பெண்ணை, வீட்டு எதிர்ப்பு தீரும்வரை காத்திருந்து 2009-இல் கல்யாணம் செய்துகொண்டவர். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டம் காசிபத்ரியில் தீவிரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டுக்குள் தன் ஆட்களை முன்னால் அனுப்பிவிட்டு வெளியே நிற்காமல் தானே போனார். அந்த மோதலில் இறந்தபோது 31 வயது. மகளுக்கு மூன்று வயது. அடுத்த குடியரசு தினத்தில் அமைதிக்கால வீரத்துக்கான உயரிய விருதான அசோக சக்கரத்தை அவர் மனைவிதான் வந்து வாங்கினார். இதில் எந்த இடத்தில் உங்கள் சாதிச் சங்கம் வருகிறது?

‘ராஜ்புத் ரெஜிமென்ட் என்று ராணுவமே சாதிப் பேர் வைத்திருக்கிறதே’ என்று ஒருவர் கட்டாயம் வருவார். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பேர் அது, நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த ரெஜிமென்டில்தான் தாம்பரத்துப் பையன் அதிகாரியாகச் சேர்ந்தான். இறந்த அன்று அவர் இருந்தது 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸ், தீவிரவாதிகளை எதிர்க்கும் ராணுவப் படை. அதில் ராணுவத்தின் பல பிரிவுகளிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள்.

‘ஒடுக்கப்பட்டவன் தன் ஆளைச் சொல்லிப் பெருமைப்படக் கூடாதா?’ அது வேறு கதை. இங்கே நடப்பது அது இல்லை.

வீரத்தின் மேல் இவ்வளவு பாசம் என்றால் இன்னொன்றும் கேட்கிறேன். அதே மோதலில் சிப்பாய் விக்ரம் சிங்கும் இறந்தார், அவருக்கும் வீரத்துக்காகச் சௌரிய சக்கர விருது கொடுத்தார்கள். அவரைப் பற்றி உங்களில் யாராவது ஒரு வரி எழுதியதுண்டா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் சித்தப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். பாட்டி சொல்லச் சொல்ல இன்லேண்ட் லெட்டரில் நான்தான் எழுதுவேன். விலாசத்தில் அவருடைய நம்பர், ரேங்க், பேர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் நிலையம். அவ்வளவுதான். ஊர் இல்லை, தெரு இல்லை. எங்கே மாற்றிப் போட்டாலும் அவர் கைக்குப் போய்ச் சேரும்.

ரிட்டயர் ஆகி வந்த பிறகும் அவருக்குப் பட்டாளத்து ஆட்கள்தான் உலகம். நவம்பர் வந்தால் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கைரேகை பதியாத கிழவிகளை பைக்கில் உட்கார வைத்து பேங்குக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைவார். அதில் ஒருத்தர், கூட வேலை பார்த்து இறந்துபோனவரின் மனைவி. எங்கள் ஆட்கள் கால் வைக்காத தெருவில் வீடு. ‘அங்கெல்லாம் எதுக்குப் போற?’ என்று பெரியப்பா கேட்டதற்கு, ‘ரெண்டு வருஷம் ஒரே பங்கர்ல படுத்திருந்தோம்ணே’ என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த நாளும் போனார்.

இதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்த பெருமை இல்லை. பட்டாளத்து வீடு எல்லாவற்றிலும் இப்படி ஒருத்தர் இருப்பார்.

சித்தப்பா இறந்தபோது எங்கள் சாதிச் சங்கத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடித்தார்கள். சீருடைப் படம் ஓரத்தில் சின்னதாக. மேலே சங்கத் தலைவர் படம், சங்கக் கொடி, சாதிப் பெயர். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பங்கர்க்காரர் மனைவி மாலையோடு வந்து, தெருமுனையில் அந்தப் பேனரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். எங்களுக்கே மறுநாள்தான் தெரியும். சித்தி அழுததில் பாதி அதற்காகத்தான்.

பேனரைக் கழற்றப் போன என்னிடம், ‘மரியாதை செஞ்சா தப்பா?’ என்று சண்டைக்கு வந்தார்கள். தப்புதான் என்று சொல்லிக் கழற்றினேன். அவர்களோடு இன்றுவரை எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.